ஒரே கடற்பாசி நான்கு வேலையும் செய்யுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பிப்ரவரி 2, கேள்வி

மீன் வளர்ப்புக் கழிவுநீரில் கடற்பாசி வளர்த்தால் தண்ணீர் சுத்தமாகும், அறுத்த பாசி வயலுக்கு உரம், அதையே மனிதரும் சாப்பிடலாம், போதாததற்குக் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள். நான்கும் ஒரே அறுவடையில் கிடைக்குமா? ஒரு டன் மீனுக்கு எவ்வளவு பாசி வேண்டும்?

பிப்ரவரி 2, இரவு

கிடைக்காது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. ஒரே கிலோ பாசியில் நான்கையும் கேட்டால்தான் சிக்கல்.

பாசிக்கு வேர் கிடையாது. அடியில் பாறையைப் பற்றியிருப்பது வெறும் பிடிமானம். உணவை உடம்பு முழுவதாலும் தண்ணீரிலிருந்தே உறிஞ்சுகிறது. அம்மோனியாவை உறிஞ்சும் அதே உடம்புதான் காட்மியத்தையும் ஆர்சனிக்கையும் அயோடினையும் உறிஞ்சுகிறது. வடிகட்டியாக எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அந்த அளவுக்கு அது தட்டில் வைக்கத் தகுதியற்றதாகிறது. கழிவுநீரில் வளர்ந்ததை அபலோன் நத்தைக்கோ கடல் முள்ளெலிக்கோ தீவனமாகப் போடலாம், பரிசோதித்த பிறகு வயலுக்கும் போடலாம். மனிதர் உண்பதைச் சுத்தமான நீரில் தனியாக வளர்க்க வேண்டும்.

இனி கணக்கு. ஒரு டன் மீன் எடுக்க 1.5 டன் தீவனம், அதில் 32 சதவீதம் புரதம் என்று வையுங்கள். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக உள்ளே போவது சுமார் 77 கிலோ. மீன் உடம்பில் தங்குவது 27 கிலோ. மீதி 50 கிலோ தண்ணீருக்கு வருகிறது. ஒரு டன் ஈரப் பாசியைக் காயவைத்தால் 120 கிலோ நிற்கும், அதில் 3.5 சதவீதம் நைட்ரஜன் என்றால் 4.2 கிலோ. 50 கிலோவை 4.2 ஆல் வகுத்தால் 12 டன் ஈரப் பாசி. ஒரு டன் மீனுக்குப் பன்னிரண்டு டன் பாசி! ஓரத்தில் நாலு கயிறு கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

பிப்ரவரி 3

நேற்றைய கணக்கில் ஒரு பிழை. 50 கிலோவும் கரைந்த நிலையில் வருவதில்லை. சுமார் 10 கிலோ எச்சமாகவும் தின்னாத தீவனமாகவும் அடியில் படிகிறது. அதைப் பாசி தொடாது. கரைந்த 40 கிலோதான் பாசியின் பங்கு, ஆகவே 12 டன் அல்ல, ஒன்பதரை டன்.

ஆனால் அடியில் படிந்த 10 கிலோவைக் கணக்கிலிருந்து தள்ளிவிடக் கூடாது. அது மக்கும்போது மறுபடி அம்மோனியாவாக மேலே வரும். அதற்குத்தான் மட்டியையோ கடலட்டையையோ இடையில் சேர்க்கிறார்கள். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் தியரி சோப்பான் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் சால்மன் மீன், மட்டி, கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசி மூன்றையும் அடுத்தடுத்து வைத்து வளர்த்துப் பார்த்த முறை இது. மிதக்கும் துகளை மட்டி வடிகட்டும், கரைந்ததைக் கெல்ப் எடுக்கும்.

பிப்ரவரி 5

"ஒன்பதரை டன்னுக்கு எவ்வளவு இடம்?"

உல்வா என்ற பச்சைப் பாசி நன்றாக வளரும் தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு உலர் எடையில் 20 கிராம் கூடும். அதில் நைட்ரஜன் 0.7 கிராம். 40 கிலோவை 150 நாளில் பிரித்தால் நாளுக்கு 267 கிராம். அதை 0.7 ஆல் வகுத்தால் 380 சதுர மீட்டர். இது வெயில் நன்றாக இருக்கும் பருவத்துக் கணக்கு. மேகமூட்டத்திலோ கலங்கல் நீரிலோ வளர்ச்சி பாதியானால் இடம் இரட்டிப்பாகும்.

தொட்டியின் ஆழம் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் போதும். அடியில் நீளவாக்கில் ஒரு காற்றுக் குழாய் ஓட வேண்டும். காற்று மேலே கிளம்பும்போது பாசி ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் அமிழ்ந்து சுழலும். இந்தச் சுழற்சியைச் சிலர் அழகுக்கென்று நினைக்கிறார்கள். பாசியைச் சுற்றி நகராத நீர்ப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அதைக் கலைத்தால்தான் அம்மோனியா உள்ளே போகும். காற்றை நிறுத்தினால் மேலடுக்கு வெயிலில் வெளுக்கும், கீழடுக்கு இருட்டில் அழுகும். ஒரு சதுர மீட்டருக்கு 1 முதல் 3 கிலோ ஈரப் பாசி விடலாம். வாரம் ஒருமுறை கூடியதை மட்டும் எடுத்துவிட்டு ஆரம்ப எடைக்குக் கொண்டுவர வேண்டும். எடுக்காமல் விட்டால் அது அங்கேயே மக்கி, உறிஞ்சிய நைட்ரஜனை அதே தண்ணீருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். நீரைச் சுத்தமாக்குவது அறுவடைதான்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

எடை போடும் முறையைச் சொல்லாமல் விட்டேன். உல்வா மெல்லிய தாள் மாதிரி, மடிப்புக்கு மடிப்பு நீர் தங்கும். கையால் பிழிந்து எடை போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எண் வரும். வலைப்பையில் போட்டுக் கட்டி, பையின் வாயைப் பிடித்து ஒரு நிமிடம் சுழற்றி நீர் தெறித்த பின் எடை போடுங்கள். எப்போதும் அதே ஒரு நிமிடம்.

பிப்ரவரி 8

அடர்த்தியாகப் பாசி விட்ட குளத்தில் விடியற்காலை மீன் செத்து மிதப்பதாக எழுதியிருக்கிறார் ஒருவர். நோயைத் தேட வேண்டாம். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி, இரவில் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுக்கும். மாலை நாலு மணிக்குக் கருவியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜன் காட்டிய குளம் காலை ஐந்தரைக்கு 2 காட்டும். பகலில் மட்டும் அளப்பவருக்கு இது கடைசிவரை தெரியாது.

இரண்டாவது ஆபத்து இதற்கு நேர்மாறு, நல்ல வெயிலில் வருவது. பாசி கரியமில வாயுவை வேகமாக இழுக்கும்போது நீரின் பிஎச் ஏறும், அதாவது காரத்தன்மை கூடும். 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 8 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தில் இருப்பது 5, 6 சதவீதம்தான். பிஎச் 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். மொத்த அம்மோனியா குறைந்திருக்கும், ஆனால் மீனைக் கொல்லும் பங்கு கூடியிருக்கும். அம்மோனியாவை மட்டும் அளந்து பிஎச் பார்க்காமல் "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். இந்த இரண்டு காரணத்துக்காகவும் பாசியை மீனோடு ஒரே குளத்தில் விடாமல் தனித் தொட்டியில் வைத்து, நீரை மட்டும் சுற்றவிடுவது நல்லது.

பிப்ரவரி 11

கடலில் மிதவையில் வளர்ப்பது பற்றிக் கேட்டவருக்கு. இது கப்பாஃபைகஸ், உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருளை எடுக்கும் சிவப்புப் பாசி.

3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு, கயிறு ஒன்றுக்கு 20 நாற்றுத் துண்டு, துண்டு 150 கிராம். மொத்தம் 60 கிலோ. நாளுக்கு 3.2 சதவீதம் வளர்ந்தால் 45 நாளில் 250 கிலோ. அடுத்த சுற்றுக்கு 60 கிலோ நாற்றை எடுத்து வைத்தால் காயப்போட மிஞ்சுவது 190 கிலோ. பத்துக்கு ஒன்று என்று காயும், ஆக 19 கிலோ சரக்கு. வளர்ச்சி 3.2 இலிருந்து 2.2 ஆக இறங்கினால் 250 கிலோ 160 ஆகிறது, நாற்று போகக் கைக்கு வருவது 10 கிலோ. ஒரு சதவீதம் குறைந்ததற்குப் பாதி விளைச்சல் போயிற்று. ஆகவே தினமும் படகில் போய்க் கயிற்றைக் குலுக்கிப் படிந்த சேற்றை உதறுவது வீண் வேலை அல்ல.

45 நாளுக்கு முன் அவசரப்பட்டு அறுத்தால் எடை குறைவதோடு கராஜீனனின் கூழ் வலிமையும் குறையும். அறுக்கும்போது நாற்றுக்கு நுனிக் கிளையை வையுங்கள், பழைய தண்டைக் காயப்போடுங்கள். பலரும் தடித்த தண்டைப் பார்த்து ஆசைப்பட்டு அதையே மறுபடி கட்டுகிறார்கள். அது மெதுவாகத்தான் வளரும்.

காயப்போடுவது தரையிலிருந்து உயர்த்திய வலைமேல். மணலில் போட்டால் மணலையும் சேர்த்துத்தான் விற்க வேண்டியிருக்கும். பாதி காய்ந்த பாசியில் மழை பட்டால் பொட்டாசியமும் கராஜீனனும் கரைந்து வெளியேறும், வெறும் சக்கைதான் மிச்சம். ஈரம் 35 சதவீதத்துக்கு வந்ததும் கையில் எடுத்தால் ரப்பர் போல வளையும், மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உதறி உப்பை நீக்கிவிட்டுக் கட்டுங்கள்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியபோது நினைவுக்கு வந்தது முடிச்சு. மிதவைக்கு 400 முடிச்சு. அறுவடைக்கு ஒருமுறை வெட்டி எறியும் பிளாஸ்டிக் நார் என்றால் வருடத்துக்கு ஆறு சுற்றில் 2,400 துண்டு, ஒரே ஒரு மிதவையிலிருந்து கடலுக்குப் போகிறது. கயிற்றோடு சேர்த்துப் பின்னிய கண்ணி போட்டால் அவிழ்த்து மறுபடி கட்டலாம். முதல்முறை கட்ட நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். கடலைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் நாரைக் கடலில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிப்ரவரி 14

"கிளையில் அங்கங்கே வெள்ளையாகிறது, தொட்டால் உடைகிறது."

இந்த நோய்க்குப் பெயர் ஐஸ்-ஐஸ். பாக்டீரியா இருக்கிறது, ஆனால் அது பின்னால் வருவது. முதலில் பாசி சோர்ந்திருக்க வேண்டும். பெருமழைக்குப் பின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 20க்குக் கீழே இறங்குவது, நீர் 32 டிகிரிக்கு மேல் கொதிப்பது, காற்றில்லாமல் கடல் அசையாமல் கிடப்பது, இந்த மூன்றில் ஒன்று நடந்திருக்கும். மருந்து தெளிக்க இது வயல் அல்ல. கயிற்றை அரை மீட்டர் கீழே இறக்குங்கள், மழைநீரும் சூடும் மேலடுக்கில்தான் இருக்கும். வெள்ளை விழுந்ததை அன்றே அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்து தனியாகக் காயவையுங்கள். கடலில் வீசாதீர்கள்.

முடி போல மெல்லிய கருஞ்சிவப்பு இழை கிளைமேல் முளைத்தால் அது வேறு. அது ஒட்டுப்பாசி. அந்தத் துண்டை நாற்றாக எடுக்கவே கூடாது.

பிப்ரவரி 19

நாற்று ஏன் வருடத்துக்கு வருடம் பலம் குறைகிறது என்ற கேள்வி நல்ல கேள்வி. கப்பாஃபைகஸை விதையிலிருந்து வளர்ப்பதில்லை, துண்டிலிருந்து துண்டாக வெட்டி வெட்டிப் பெருக்குகிறோம். எல்லாம் ஒரே செடியின் நகல்கள். நோய் ஒன்றுக்குப் பிடித்தால் அத்தனைக்கும் பிடிக்கும்.

ஜப்பானியர் தாளாக்கி உண்ணும் நோரி என்ற பாசியின் கதை வேறு. அதன் நாற்று எங்கிருந்து வருகிறது என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. கடலில் வலை கட்டிக் காத்திருப்பார்கள், வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. 1949இல் கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், சிப்பி ஓட்டுக்குள் துளைத்து வாழும் சின்னச் சிவப்பு இழை ஒன்று தனி இனமல்ல, நோரி வகைப் பாசியின் இன்னொரு பருவம் என்று காட்டினார். அதன்பின் ஜப்பானில் சிப்பி ஓட்டில் அந்தப் பருவத்தை வளர்த்து வலையில் விதைக்கத் தொடங்கினார்கள். அவருக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுப்பி வருடந்தோறும் ஏப்ரல் 14 அன்று மரியாதை செய்கிறார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை.

பிப்ரவரி 23

இனி வயல். "கடற்பாசி உரம்" என்ற பெயரே ஆளைக் குழப்புகிறது. திரவச் சாறு உரம் அல்ல, பயிர் ஊக்கி. ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் தெளிப்பு, அதில் 5 சதவீதம் சாறு என்றால் 25 லிட்டர். அதிலிருக்கும் தழைச்சத்து நூறு கிராமைத் தாண்டாது. பயிர் கேட்பதோ பத்துப் பத்துக் கிலோவாக. சாற்றைத் தெளித்துவிட்டு உரத்தை நிறுத்தினால் பயிர் வெளுக்கத்தான் செய்யும்.

பிறகு எதற்கு வேலை செய்கிறது? சைட்டோகைனின் போன்ற வளர்ச்சிப் பொருள்கள், பீட்டெய்ன், பழுப்புப் பாசியில் லாமினாரின், மானிட்டால். வேர் விடுவதும் வறட்சியையும் உப்பையும் தாங்குவதும் மேம்படுவது இவற்றால். பயிர் நன்றாக இருக்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். நெருக்கடியில்தான் தெரியும்.

செய்முறை: நன்னீரில் இரண்டு தடவை அலசிய பாசி 1 கிலோ, பொடியாக நறுக்கி 1 லிட்டர் நீரில் ஒரு மணி நேரம் மிதமாகக் கொதிக்கவிட்டு, ஆறியபின் இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். இதை ஒரு பங்குக்கு 19 பங்கு நீர் சேர்த்தால் 5 சதவீதம். இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும், செய்த கையோடு தெளித்துவிடுங்கள். காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்புறமும் நனையும்படி.

பிப்ரவரி 24

"5 சதவீதம் நல்லது என்றால் 20 இன்னும் நல்லதுதானே?"

இல்லை. வளர்ச்சிப் பொருள் அளவு மீறினால் தடுக்கும் பொருளாகிவிடும். விதையை அடர்ந்த சாற்றில் ஊறவைத்தால் முளைப்பே குறையும். உப்பும் சேர்ந்துகொள்ளும், இலை ஓரம் கருகும். நாலு வரிசையைப் பிரித்து, இரண்டுக்குச் சாறு, இரண்டுக்கு அதே நேரம் அதே அளவு வெறும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒன்றுமே தெளிக்காத வரிசையோடு ஒப்பிட்டால், தண்ணீர் பட்டதன் பலனையும் சாற்றின் கணக்கில் எழுதிவிடுவோம்.

கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளி மக்கவைப்பவர்கள்: பழுத்துக் கறுத்த அடியடுக்கை விட்டுவிட்டு மேலே புதிதாக வந்ததில் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். அந்த அடியடுக்கில்தான் மணல் தத்திகளும் பூச்சிகளும் வாழ்கின்றன, கரைப் பறவைகளுக்கு அதுதான் தீனி. தனிப் பாசியாகக் குவித்தால் சளசளத்து நாறும். மூன்று பங்கு வைக்கோலோ காய்ந்த இலையோ கலந்தால் காற்று புகும். 2011 முதல் அட்லாண்டிக்கில் பெருகிக் கரீபியக் கரைகளில் குவியும் சர்காசம் என்ற மிதக்கும் பழுப்புப் பாசியை மட்டும் சோதிக்காமல் உணவுப் பயிருக்குப் போடாதீர்கள். ஆர்சனிக் அதிகம். குவியல் அழுகும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூச்சுக்கும் கேடு.

மார்ச் 1

உடல்நலம். நல்லது செய்வதும் கெடுப்பதும் பெரும்பாலும் அயோடின்தான். பெரியவருக்கு நாளுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் வைத்திருக்கும் மேல்வரம்பு 600, அமெரிக்காவில் 1,100. ஜப்பானியர் சமைக்கும் 'கொம்பு' என்ற கெல்ப் காய்ந்ததில் ஒரே ஒரு கிராமில் 2,000க்கு மேலும் இருக்கலாம். நோரித் தாள் ஒன்றில் 50 அளவில். "கடற்பாசி நல்லது" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளே இல்லை, எந்தப் பாசி, எத்தனை கிராம் என்று சொல்ல வேண்டும். தைராய்டு தொல்லை உள்ளவரும் கர்ப்பிணியும் கெல்ப் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கெல்ப்பைக் கொதிக்கவைத்தால் அயோடின் பெரும்பகுதி நீரில் இறங்கும். அந்த நீரைக் கொட்டினால்தான் பலன், ரசமாகக் குடித்தால் அயோடின் வயிற்றுக்குத்தான் போகிறது. ஹிஜிக்கி என்ற கரும்பாசியில் கனிம ஆர்சனிக் அதிகம். அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர அமைப்பு 2004இலேயே அறிவுறுத்தியது.

மார்ச் 2

கராஜீனன் புற்றுநோய் தருமா என்று கேட்டவருக்கு: விலங்குகளில் தீங்கு காட்டியது பெரும்பாலும் போலிஜீனன். கராஜீனனை அமிலத்தில் சூடாக்கிச் சங்கிலியைத் துண்டுதுண்டாக நறுக்கினால் வருவது அது. உணவில் சேர்ப்பது அதுவல்ல. குடல் அழற்சி உள்ளவர்கள் உணவுக் கராஜீனனையும் தவிர்ப்பதில் தவறில்லை.

மார்ச் 6

கரியமில வாயு. ஒரு டன் ஈரப் பாசி, தோராயமாக 100 கிலோ உலர் எடை, அதில் 30 கிலோ கார்பன், கரியமில வாயுவாக 110 கிலோ. இழுத்தது உண்மை. ஆனால் அந்தப் பாசியைத் தின்றாலும் மக்கவைத்தாலும் சில மாதத்தில் அத்தனையும் திரும்பக் காற்றுக்குப் போய்விடும். ஆழ்கடலில் புதைந்தால்தான் அது சேமிப்பு. இயற்கைப் பாசிக் காடுகளிலிருந்து ஒரு பங்கு அப்படி ஆழத்துக்குப் போகிறது. பண்ணையில் அறுத்து எடுத்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இயற்கைக் காட்டைக் காப்பதற்கு முதலிடம் தர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வடக்குக் கலிஃபோர்னியாவில் 2013 முதல் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் நோயில் அழிந்தன. அவை தின்று கட்டுப்படுத்திய ஊதாக் கடல் முள்ளெலிகள் பெருகின. 2014இல் கடல் வெப்ப அலையும் சேர, காளைக் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் போயிற்று. முள்ளெலி இலையைத் தின்பதோடு நிற்காது, பிடிமானத்தையே அறுக்கும். செடி முழுதாக மிதந்து போய்விடும். பாறை மொட்டையானபின் முள்ளெலி பட்டினியிலும் வருடக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும், முளைப்பதையெல்லாம் மேய்ந்துவிடும்.

மார்ச் 7

பிப்ரவரி 14இல் "கடலில் வீசாதீர்கள்" என்று ஒரு வரியில் விட்டதை விரித்துச் சொல்லக் கேட்கிறார்கள். 2008இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்கு முன் சீனாவின் சிங்தாவ் கடல் பச்சைப் பாசியால் மூடிக்கிடந்தது. வந்தது எங்கிருந்து? தெற்கே ஜியாங்சு கரையில் நோரி மிதவைகளைச் சுத்தம் செய்யும்போது சுரண்டிக் கடலில் தள்ளிய உல்வா. ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் 1970களில் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பவளத்தின்மேல் பாயாக விரிந்தது. மன்னார் வளைகுடாவிலும் குருசடைத் தீவுப் பவளத்தில் அது ஏறியது 2008இல் பதிவானது. ஹவாயில் உறிஞ்சு குழாயால் பாசியை எடுத்துவிட்டு, உள்ளூர் முள்ளெலிக் குஞ்சுகளை விட்டு மிச்சத்தை மேயவைத்தார்கள். மேலே முள்ளெலியைக் காட்டழிப்பவன் என்று எழுதினேன், இங்கே அதே முள்ளெலி மருந்து. இரண்டும் சரிதான், எந்த இடத்தில் எது மிஞ்சியது என்பதுதான் விஷயம்.

மிதவையைப் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் மேலே நிறுத்தாதீர்கள். நிழலிலேயே புல் சாகும். அடி வெறும் மணலாக இருக்கிறதா என்று முக்குளித்துப் பார்த்தபின் நங்கூரம் போடுங்கள்.

மார்ச் 12

முதலில் கேட்டவர், 400 சதுர மீட்டர் தொட்டி கட்டத் தயார், எதில் தொடங்குவது என்று கேட்கிறார். முழுவதையும் கட்டாதீர்கள். 10 சதுர மீட்டரில் ஒரு தொட்டி, 15 கிலோ உல்வா. குளத்து நீர் உள்ளே வரும் வாயிலிலும் வெளியே போகும் வாயிலிலும் அம்மோனியா, பிஎச், ஆக்சிஜன் மூன்றையும் காலை ஐந்தரைக்கும் மாலை நாலுக்கும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் சுழற்றி எடை. ஆறு வாரம் போதும். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் கூடுகிறது என்ற உங்கள் எண் கிடைத்தபின், என்னுடைய 20 கிராமை அடித்துவிட்டு அதைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்யுங்கள். அறுத்ததை எங்கே கொடுப்பது என்பதையும் இந்த ஆறு வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள். ஒன்பதரை டன் ஈரப் பாசி கரையில் இரண்டு நாள் கிடந்தால் நாற்றம் தாங்காது.